ஊருக்குக் காற்றாலை வருகிறது: சம்மதம் கேட்கும் நேரத்தில்தான் சிக்கல்

மேட்டுநிலத்தில் ஒரு நாள் திடீரென்று ஒல்லியாக ஓர் இரும்புக் கம்பம் நிற்கும். எண்பது, நூறு மீட்டர் உயரம் இருக்கும். நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கம்பிகள். வெவ்வேறு உயரங்களில் கை நீட்டினாற்போல் சட்டங்கள். அவற்றின் நுனியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். செல்போன் கோபுரம் என்றுதான் ஊரில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அது காற்றின் வேகத்தை அளக்கும் கம்பம். ஓரிரு ஆண்டுகள் கழித்து, 'இங்கே காற்றாலை அமைய உள்ளது, கருத்துச் சொல்ல வாருங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டும்போது ஊர் கேட்கும் முதல் கேள்வி: "அந்தக் கம்பத்தை நட்டபோதே உங்களுக்குத் தெரியும்தானே?"

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத திட்டங்கள்தான் பெரும்பாலும் வழக்கிலும் மறியலிலும் போய் முடிகின்றன.

காற்று மின்சாரம் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் வேண்டும் என்பவர்களே அதிகம். ஆனால் சொந்த ஊருக்குத் திட்டம் வந்தால் எதிர்ப்பு கிளம்புகிறது. இதைச் சுயநலம் என்று சொல்லிவிடுவது எளிது: ஊருக்கெல்லாம் வேண்டும், என் கொல்லையில் மட்டும் வேண்டாம். ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் வோல்சிங்க் கவனித்த ஒரு விஷயம் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. திட்டம் வருமுன் ஆதரவு உயரத்தில் இருக்கிறது. அறிவித்ததும் சரிகிறது. விசிறிகள் ஓடத் தொடங்கிச் சில காலம் ஆனதும் மறுபடி ஏறுகிறது. கோடாகப் போட்டால் ஒரு கிண்ணத்தின் வடிவம். அதாவது, வெறுப்பு உச்சத்தில் இருக்கும் காலத்தில் அங்கே ஒரு விசிறிகூட இல்லை, காகிதம்தான் இருக்கிறது. காரணத்தையும் அந்தக் காகித ஆண்டுகளில்தான் தேட வேண்டும்.

ஏன் இந்த மேடுதான் வேண்டும் என்கிறார்கள்?

'வேறு எங்காவது வைக்கக்கூடாதா?' என்பது எல்லா ஊரும் கேட்பது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தின் முப்படிக்கு ஏற்ப அது ஏறும். நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தை விட 7 மீட்டர் வீசும் இடத்தில் காற்றின் ஆற்றல் ஏறக்குறைய 60 விழுக்காடு அதிகம். விசிறி அத்தனையையும் பிடித்துவிடாது என்றாலும், ஒரு மேடு லாபமாகவும் பக்கத்து மேடு நஷ்டமாகவும் ஆவதற்கு இந்த ஒரு மீட்டர் போதும். இதோடு மின்கட்டமைப்புக் கம்பி அருகில் ஓட வேண்டும். எழுபது மீட்டர் நீள இறக்கையை ஏற்றிய லாரி திரும்புகிற அளவுக்குச் சாலை வளைவுகளும் இருக்க வேண்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் இடங்கள் குறைவு. பேரம் பேச ஊருக்கு இதனால் ஒரு பலம் உண்டு. அந்தப் பலம் தன்னிடம் இருப்பது பல ஊர்களுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது இடைவெளி. ஒரு விசிறி காற்றைப் பிழிந்து எடுத்த பிறகு அதன் பின்னால் காற்று தளர்ந்து, சுழன்று போகும். அதனால் காற்று வரும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் ஐந்து முதல் ஒன்பது மடங்கு தூரம் விட்டுத்தான் அடுத்த விசிறியை நட முடியும். 150 மீட்டர் விட்டம் என்றால் குறைந்தது முக்கால் கிலோமீட்டர். கோபுரமும் பாதையும் பிடிக்கும் நிலம் மொத்தப் பரப்பில் மிகச் சிறிய பங்குதான். நடுவே உழலாம், மேய்க்கலாம். ஆனால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் நிலம் வைத்திருப்பவரின் காலியிடம் இல்லாமல் அந்தத் திட்டமே இல்லை. அவருக்கோ வாடகை கிடையாது. இந்த ஓர் ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் பேசும்போது திரும்ப வரும்.

திட்டம் எப்படிக் கெட்டியாகிறது

பச்சைக் களிமண்ணை எப்படியும் வளைக்கலாம், சுட்ட பிறகு முடியாது. காற்றாலைத் திட்டமும் படிப்படியாகச் சுடப்படுவதுதான். நாட்டுக்கு நாடு வரிசை சற்று மாறும், பொதுவாக இப்படி:

1. இடம் தேடலும் காற்றளவையும். குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவத்துக்குமான அளவு வேண்டும். இந்தக் கட்டத்தில் எல்லாமே மாற்றத்தக்கது.
2. நிலக் குத்தகை. 25, 30 ஆண்டுகளுக்கு. போட்டி நிறுவனம் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று ரகசியக் காப்பு நிபந்தனையும் சேர்ந்து வரும். கையெழுத்துப் போட்டவர் பக்கத்து வீட்டில் வாய் திறக்க முடியாது.
3. மின்கட்டமைப்பு இணைப்பு. எத்தனை மெகாவாட் என்பது இங்கே ஏறக்குறைய முடிவாகிவிடும்.
4. சுற்றுச்சூழல் ஆய்வு. பறவை, ஒலி, நிழல், நிலத்தடி நீர், காட்சி. பறவைக் கணக்கு மட்டுமே பல பருவங்களை எடுத்துக்கொள்ளும்.
5. அனுமதி. சட்டம் கட்டாயமாக்கும் மக்கள் கருத்துக்கேட்பு பெரும்பாலும் நான்காம் படியின் கடைசியிலோ இங்கேயோதான் வருகிறது.
6. கடன், கட்டுமானம்.

ஐந்தாம் படிக்கு வரும்போது நிறுவனம் பல ஆண்டுகளையும் பெருந்தொகையையும் போட்டிருக்கும். அங்கே கூட்டம் போட்டு 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்டால், ஊர் என்ன சொன்னாலும் மாற்றுவதற்கு ஏதும் மிச்சம் இருக்காது. கூட்டத்தில் நடப்பது பதில் சொல்வதுதான், கேட்பது இல்லை. வந்திருப்பவர்களுக்கு அது முதல் கால்மணி நேரத்திலேயே புரிந்துவிடும். அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது, அது உண்மையாகவே இருந்தாலும்.

களிமண் பச்சையாக இருக்கும்போது கேட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோபன்ஹேகன் அருகே கடலில் உள்ள மிடில்கிரண்டன் காற்றாலை ஓர் உதாரணம். முதல் வரைபடத்தில் மூன்று வரிசையாக 27 விசிறிகள். மக்கள் கருத்துக்குப் பிறகு அது மெல்ல வளைந்த ஒரே வரிசையில் 20 விசிறிகளாக மாறியது. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் ஓடத் தொடங்கிய அந்தக் காற்றாலையில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தமாக அமைந்தது. அது நகரத்தையொட்டிய திட்டம்தான். ஆனாலும் வரிசையையே மாற்ற முடிந்தது என்றால், மாற்றக்கூடிய நேரத்தில் கேட்டார்கள் என்று பொருள்.

பயங்களைத் தனித்தனியாகப் பிரித்தால்

எதிர்ப்புத் துண்டுப் பிரசுரத்தில் எல்லாப் பயமும் ஒரே மூட்டையாக வரும். நிறுவனமும் ஒரே மூட்டையாக மறுக்கும். இரண்டுமே தவறு. சில பயங்கள் உண்மை, சிலவற்றைச் சரிசெய்யலாம், சிலவற்றுக்கு ஆதாரம் இல்லை.

ஒலி உண்மையானது. இறக்கை காற்றை வெட்டும் 'வூஷ்... வூஷ்' என்ற சத்தம் சில நூறு மீட்டர் தள்ளி 35 முதல் 45 டெசிபல் அளவில் இருக்கும். அமைதியான அறையில் ஓடும் ஃபிரிட்ஜ் போல என்று நிறுவனத்தார் சொல்வார்கள். எண் சரிதான், ஆனால் ஒப்பீடு பாதி. கிராமத்து இரவில் பின்னணிச் சத்தம் மிகக் குறைவு. அதோடு தெளிந்த இரவுகளில் தரையருகே காற்று அடங்கிவிடும், நூறு மீட்டர் உயரத்தில் வீசிக்கொண்டே இருக்கும். கீழே இலைகூட அசையாது. மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றும். பகலில் இலைச் சலசலப்பில் மறைந்துபோகும் ஒலி, இரவில் தனியாகக் காதில் விழும். ராத்திரியில்தான் தொல்லை என்று ஊர் சொல்வது கற்பனை இல்லை. டென்மார்க்கில் ஊரக வீட்டுக்கு வெளியே, நொடிக்கு 8 மீட்டர் காற்றில் 44 டெசிபல்தான் வரம்பு. வீட்டுக்குள் கேட்கும் தாழ்சுருதி ஒலிக்குத் தனியாக 20 டெசிபல் வரம்பு உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் ரம்பப் பல் போன்ற பட்டை ஒட்டினால் ஒலி குறையும். இரவில் வேகத்தைக் குறைத்து ஓட்டும் முறையும் இருக்கிறது. உற்பத்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஊர் பேரம் பேசி வாங்கக்கூடியது இது.

நிழல் இன்னும் தெளிவான கணக்கு. காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்து, வீட்டுக்கும் சூரியனுக்கும் நடுவில் விசிறி நின்றால் இறக்கையின் நிழல் ஜன்னலைக் கடந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 12 சுற்று, மூன்று இறக்கை: நிமிடத்துக்கு 36 முறை அடுப்படியில் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிவது போல. அதைப் பத்து நிமிடம் பார்த்தவர்கள் இது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சூரியனின் பாதை தெரிந்தது என்பதால் எந்த வீட்டில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மீறினால் அந்த நேரத்தில் விசிறி தானாக நிற்கும்படி அமைத்துவிடுவார்கள். அந்தக் கணக்குத் தாளைத் தன் வீட்டுக்குத் தனியாகக் கேட்டு வாங்குவது ஒவ்வொருவருக்கும் நல்லது.

உடல்நலம் பற்றிய பயம் வேறு வகை. கனடா சுகாதாரத் துறை 1,238 வீடுகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றாலை ஒலிக்கும் நோய்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எரிச்சலுக்கும் ஒலிக்கும் தொடர்பு இருந்தது. எரிச்சல் நோய் இல்லை, பொய்யும் இல்லை. 'உங்களுக்கு மனப்பிரமை' என்று மேடையில் சொல்லும் நிபுணர் அந்தத் திட்டத்துக்கு எதிரிகளை விடப் பெரிய கெடுதல் செய்கிறார்.

வீட்டு மதிப்புக்கு வருவோம். அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு மைலுக்குள் இருந்த வீடுகளின் விலை திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஏறக்குறைய 11 விழுக்காடு இறங்கி, ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மீண்டது. அதுவும் மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில்தான் இப்படி. மறுபடியும் அதே கிண்ணம். ஆனால் இடைப்பட்ட ஆண்டில் விற்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவருக்கு 'பிறகு மீண்டது' என்பதால் எந்தப் பயனும் இல்லை. டென்மார்க் 2009 சட்டத்தில் மதிப்பிழப்புக்கு நிறுவனமே ஈடு கட்ட வழி செய்தது இதனால்தான்.

மண்ணைப் பற்றிய பயத்தை எந்த நிலையிலும் ஒதுக்கக் கூடாது. 2003-இல் அயர்லாந்தின் டெரிபிரையனில் காற்றாலைக் கட்டுமானத்தின்போது சதுப்புக் கரிமண் சரிந்து ஆற்றில் இறங்கியது. மீன்கள் ஏராளமாகச் செத்தன. முறையான சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யப்படாததற்காக 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்துக்கு 50 லட்சம் யூரோ அபராதமும், சரிசெய்யும் வரை நாளுக்கு 15,000 யூரோவும் விதித்தது. அந்த மண்ணில் கால் வைத்து நடந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட மண் என்று தெரியும். அப்படிப்பட்டவர்களைக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல.

பணம்: தொகையை விடப் பங்கீடுதான் சண்டை மூட்டும்

கோபுரம் நிற்கும் நிலக்காரருக்கு வாடகை. எதிர்வீட்டுக்காரருக்குச் சத்தமும் நிழலும். நிலமே இல்லாதவருக்குச் சாலையில் பறக்கும் தூசி. ஒரே ஊரில், தலைமுறையாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போய்வந்த இடத்தில் இந்தக் கோடு விழுகிறது. ரகசியக் குத்தகை என்றால் யாருக்கு எவ்வளவு என்ற வதந்தி வேறு. நிறுவனம் ஊரைப் பிரிக்க நினைக்காமலே இருக்கலாம். ஆனால் தனித்தனிக் குத்தகை என்ற முறையே அந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்குப் பல நாடுகள் பல வழிகளை முயன்றிருக்கின்றன:

1. கூட்டுக் குத்தகை. திட்ட எல்லைக்குள் உள்ள எல்லா நிலத்துக்கும் பரப்பளவின்படி ஒரு பங்கு, கோபுரமும் பாதையும் உள்ள நிலத்துக்குக் கூடுதல் பங்கு. ஜெர்மனியில் வழக்கத்தில் உள்ளது. எந்த வயலில் கோபுரம் வரும் என்பது தெரியுமுன்பே பங்கீட்டைப் பேசி முடிப்பது இதன் நுட்பம். தன் வயலில் வருமா வராதா என்று தெரியாத நிலையில் எல்லோருமே நியாயமாகப் பேசுவார்கள்.
2. ஊர் நிதி. ஸ்காட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்பது அரசு பரிந்துரைக்கும் அளவு. ஜெர்மனியில் விசிறியைச் சுற்றி 2.5 கி.மீ.க்குள் உள்ள உள்ளாட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை தரச் சட்டம் இடம் தருகிறது. 4 மெகாவாட் விசிறி ஒன்று தன் முழுத் திறனில் 30 விழுக்காடு அளவுக்கு ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 105 லட்சம் யூனிட். அதாவது 21,000 யூரோ.
3. உரிமைப் பங்கு. டென்மார்க்கின் அதே 2009 சட்டம், 4.5 கி.மீ.க்குள் வசிப்பவர்களுக்குக் குறைந்தது 20 விழுக்காடு பங்கை விற்க முன்வர வேண்டும் என்றது.

மூன்றாவது வழி கேட்க அழகாக இருக்கும். ஆனால் பங்கு வாங்கக் கையில் காசு வேண்டும். காசுள்ளவருக்கே லாபம் போனால் பழைய கோடு இன்னும் ஆழமாகும். டென்மார்க்கின் சாம்சோ தீவில் 2000-இல் நிறுவிய 11 விசிறிகளில் ஒன்பது தனி விவசாயிகளுடையவை, இரண்டு பலர் சேர்ந்து வாங்கியவை. அந்த இரண்டால்தான் நிலமில்லாதவரும் 'நம்ம காத்தாடி' என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. தன் பங்கு ஓடும் சத்தம் தூக்கத்தைக் கெடுப்பது குறைவு என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் லாபம் பெறுபவர்களுக்கு அதே ஒலி எரிச்சல் மூட்டுவது குறைவு என்று ஆய்வுகளே சொல்கின்றன.

ஊர் நிதியில் ஒரு வழுக்கல் உண்டு. எதிர்ப்பு கிளம்பிய பிறகு தொகையை அறிவித்தால் அது லஞ்சம் போலத் தெரியும். அதே தொகையை, அதே நிபந்தனையோடு முதல் கூட்டத்திலேயே சொன்னால் அது பங்கு.

நிலம் யாருடையது என்பதில் பிசகினால்

பத்திரம் வைத்திருப்பவர் மட்டுமே நிலத்தோடு தொடர்புள்ளவர் என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய பிழை. மேய்ப்பவர்கள், குத்தகைக்கு உழுபவர்கள், விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்து போகிறவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்.

நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் ஸ்டோர்ஹையா, ரோவான் என்ற இரு காற்றாலைகள், மொத்தம் 151 விசிறிகள். சாமி பழங்குடியினரின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேயும் நிலம் அது. 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அனுமதி செல்லாது; ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு காக்கும் பண்பாட்டு உரிமையை இது மீறுகிறது. ஆனால் அப்போது விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தீர்ப்பு வந்து 500 நாட்கள் ஆகியும் அவை ஓடியதால் 2023-இல் இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சகங்களின் வாசலை மறித்தார்கள். கடைசியில் சமரசம் ஆனது. சுட்ட பானையை வளைக்கப் பார்த்த கதை.

கென்யாவில் துர்கானா ஏரியருகே 365 விசிறிகளோடு சுமார் 310 மெகாவாட் காற்றாலை எழுந்தது. சுமார் 1,50,000 ஏக்கர் சமூக நிலத்துக்கான பத்திரங்கள் முறைப்படி பெறப்படவில்லை என்று 2021-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாட்டில் கினாங்கோப் என்ற இடத்தில் 60 மெகாவாட் திட்டம், ஊர் எதிர்ப்பால் 2016-இல் கைவிடப்பட்டது.

சரி, பேச்சு எப்படி நடக்க வேண்டும்?

மேடையில் நிறுவனம், கீழே ஊர், நடுவில் ஒரு மைக் என்ற அமைப்பே வேண்டாம். அதில் உரத்த குரல் இரண்டு மட்டும் கேட்கும். ஒன்று ஆதரவு, இன்னொன்று எதிர்ப்பு. தயங்கி நிற்கும் பெரும்பான்மை வாய் திறக்காது. மேசை மேசையாகப் பிரித்து, ஒரு மேசையில் ஒலி, இன்னொன்றில் நிழல், வேறொன்றில் வரைபடம் என்று வைத்தால் வந்தவர் தன் வீட்டைக் காட்டி, 'இங்கிருந்து எவ்வளவு தூரம்?' என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது.

அளவைக் கம்பம் நடும்போதே, 'காற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம்; இருந்தால் திட்டம் வரலாம், இல்லாவிட்டால் போய்விடுவோம்' என்று சொல்லிவிடலாம். போட்டியாளர் மோப்பம் பிடிப்பார் என்ற வாதம் முழுப் பொய் இல்லை. ஆனால் கம்பமே நூறு மீட்டர் உயரத்தில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குச் சொந்தமாக ஒரு நிபுணர் வேண்டும். கட்டணம் நிறுவனம் தரட்டும், ஆளை ஊர் தேர்ந்தெடுக்கட்டும். விசிறி எப்படித் தெரியும் என்று காட்டும் ஒட்டுப்படத்தை எங்கே நின்று எடுப்பது என்பதையும் ஊரே சொல்லட்டும். நிறுவனம் எடுத்தால் அழகான தூரத்திலிருந்து எடுக்கும். ஊர் சொன்னால் பள்ளிக்கூட வாசலிலிருந்து எடுக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் 'நீங்கள் சொன்னது இது, மாற்றியது இது, மாற்றாதது இது, காரணம் இது' என்று ஒரு தாள் வர வேண்டும். மூன்று கூட்டம் கழித்தும் 'மாற்றியது' என்ற பத்தி காலியாக இருந்தால், என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு உண்டா? இதற்கு எல்லோருக்கும் ஒத்த விடை இல்லை. இங்கிலாந்தில் 2015-இல் உள்ளூர் ஆதரவு இருந்தால் மட்டுமே என்று விதியை இறுக்கியபோது நிலப்பகுதிக் காற்றாலை ஏறக்குறைய நின்றே போனது. 2024-இல் அதை நீக்கினார்கள். ஒரு சிலர் மறுத்தாலே முடங்கும் விதி, ஊரைக் கேட்பதாகாது. பெரும்பான்மையின் வாயையும் அது சேர்த்தே அடைக்கிறது. ஆனால் 'கேட்போம், ஆனால் எதுவாயினும் கட்டுவோம்' என்பதும் கேட்பதாகாது. என் பார்வையில், முதல் இரண்டு படிகளில் ஊர் திட்டத்தை நிறுத்தக்கூடிய நிலை இருக்க வேண்டும். அதற்குப் பிறகு திருத்தக்கூடிய நிலை. அப்படியானால்தான் நிறுவனம் முதல் படியிலேயே வந்து பேசும்.

25 ஆண்டு கழித்து யார் இருப்பார்கள்?

கூட்டங்களில் அதிகம் பேசப்படாத பகுதி இது. காற்றாலை கட்டும் நிறுவனமும் அதை ஓட்டும் நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. திட்டம் அனுமதி பெற்றதும் ஒருவர் விற்பார், ஓடத் தொடங்கியதும் இன்னொருவர் வாங்குவார். ஊரில் டீ குடித்துக்கொண்டு 'பாத்துக்கலாம்' என்று சொன்னவர் அப்போது வேறு வேலையில் இருப்பார். எனவே வாய்மொழியாகச் சொன்னவை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்ற வரியோடு.

கடைசியில் கழற்றுவது. கோபுரத்தின் எஃகுக்கு விலை கிடைக்கும். கண்ணாடி இழையும் பிசினும் கலந்த இறக்கைகளை மறுசுழற்சி செய்வது கடினம். பல இடங்களில் வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். அடித்தளம் சில நூறு கனமீட்டர் கான்கிரீட். பல ஒப்பந்தங்களில் தரைக்குக் கீழே ஒரு மீட்டர் வரைதான் உடைத்து எடுப்பார்கள்; மிச்சம் மண்ணுக்குள்ளேயே இருக்கும், மேலே உழலாம், ஆழ வேர் விடும் மரம் நட முடியாது. இந்தச் செலவுக்கான தொகையை ஓடத் தொடங்கும்போதே வங்கி உத்தரவாதமாகக் கட்ட வேண்டுமா, பத்து ஆண்டு கழித்தா, அதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்திக் கணக்கிடுவது, அந்த உத்தரவாதத்தை யார் பெயரில் வைப்பது: இந்த மூன்றும் குத்தகைப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.